இறால் கோதின் கைற்றோசான் மணிகள்: செப்பை அகற்றி, கழுவி, மீண்டும் பயன்படுத்துதல்

மட்டக்களப்பு வாவி இறாலை உரித்தபின் நாம் எறிந்துவிடும் கோதில் கைற்றின் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூற்றுப் பொருள் இருக்கிறது. அதன் அசற்றைல் கூட்டங்களை நீக்கினால் கைற்றோசான் கிடைக்கும். அதிலுள்ள அமைன் கூட்டங்கள் நீரில் கரைந்த செப்பு, ஈயம் போன்றவற்றின் அயன்களைப் பற்றிக்கொள்ளும். கைற்றோசானை வீட்டில் பிரித்தெடுக்க வேண்டாம். அதற்கு 40 முதல் 50 வீதக் கோஸ்டிக் சோடாக் கரைசலைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டியிருப்பதால், தூளாக வாங்குவதையே நான் வற்புறுத்துவேன்.

2 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் 2 வீத அசற்றிக் அமிலத்தில் கலக்குங்கள். 4 வீத வினாகிரியில் சம அளவு நீர் சேர்த்தாலும் போதும். ஓரிரவு வைத்துத் துணியில் வடித்த பாகை, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, லீற்றருக்கு 40 கிராம் கோஸ்டிக் சோடா கரைத்து ஆறவிட்ட நீரில் துளித்துளியாக விடுங்கள். மெல்லிய ஊசியில் பாகு அடைத்துக்கொள்ளும் என்பதால், ஊசி கழற்றிய சிரிஞ்சே எனக்குப் பிடித்தது. வெண்மணிகள் உருவாகும்.

அவற்றை நன்றாகக் கழுவுங்கள். தண்ணீரில் நீலத் துகள்கள் மிதந்ததாக வாசகர் ஒருவர் எழுதிய பிறகே இதைச் சேர்க்கிறேன்: மணியில் காரம் எஞ்சினால் செப்பு ஐதரொட்சைட்டாக வீழ்படிந்து, மணிதான் செப்பை எடுத்தது என்ற பொய்த் தோற்றத்தைத் தரும். கழுவிய நீர் சிவப்பு லிற்மசுத் தாளை நீலமாக்குவது நிற்கும்வரை கழுவுங்கள்.

அரை லீற்றர் நீரில் அரைக் கிராம் செப்பு சல்பேற்றைக் கரைத்து மணிகளை இடுங்கள். மணிகள் நீலமாக, நீர் வெளிறும்.

நான் தவறியது அடுத்த படியில். அமிலம் செப்பை விடுவிக்கும் என்று படித்திருந்ததால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் மணிகளை ஊறவைத்தேன். காலையில் மணிகளே இல்லை, வழுவழுப்பான நீலக் கரைசல் மட்டுமே இருந்தது. அமைன் கூட்டம் புரோத்தன் ஏற்றால் செப்பு கழன்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதே மாற்றம் குறுக்கிணைப்பு (சங்கிலி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்தல்) இல்லாத கைற்றோசானையும் கரைத்துவிடுகிறது. ஆகவே அமிலத்துக்குப் பதிலாக, லீற்றருக்கு 3.7 கிராம் இருசோடிய ஈடிடிஏ (உலோக அயன்களைப் பற்றிக்கொள்ளும் ஓர் உப்பு, EDTA) கரைத்த நீரில் மணிகளை ஊறவையுங்கள். ஈடிடிஏ செப்பை இன்னும் இறுக்கமாகப் பற்றி இழுத்துக்கொள்ள, நீலம் நீங்கிய மணி மணியாகவே மிஞ்சும். அதைக் கழுவி, காயவிடாமல் நீரிலேயே வைத்து, மீண்டும் பயன்படுத்தலாம்.

சோதித்த நீரைக் குடிக்க வேண்டாம். செப்பு சேர்ந்த ஈடிடிஏக் கரைசலை வாவியிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், பெயர் எழுதிய போத்தலில் மூடி வையுங்கள்.