பத்து நிமிட வேலை என்று நினைத்த ஹெட்லைட் பல்பு

காரின் இடப்பக்க ஹெட்லைட் எரியாமல் போனபோது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நம்பி, 12 வோல்ட், 60/55 வாட் எச்4 வகை ஹாலஜன் பல்பு ஒன்றை வாங்கி வந்தேன். இணைப்பானைக் கழற்றி ரப்பர் உறையை உருவும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் பல்பைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பைப் பேட்டரி மறைத்துக்கொண்டிருந்ததால், புறங்கை சிராய்க்க, விரல் நுனியால் தடவித் தடவியே அதை விடுவிக்க வேண்டியிருந்தது. இதை வடிவமைத்தவர் ஒருமுறையேனும் பல்பு மாற்றியிருப்பாரா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. புதிய பல்பை வைத்த பிறகு கிளிப் மாட்டவே மறுத்தது. ஒரு மணி நேரம் போராடி, எரிச்சலில் பலவந்தமாக அழுத்தவும் முற்பட்ட பிறகுதான், முதலில் எதிர்முனையையும் பிறகு நேர்முனையையும் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுக்கத் தோன்றியது. அங்கே கைப்பேசியை நுழைத்துப் படமெடுத்துப் பார்த்தபோது, பல்பின் விளிம்பிலுள்ள மூன்று நாக்குகளில் அகலமானது மேற்பள்ளத்தில் அமராமல் சாய்ந்திருப்பது தெரிந்தது. விரல் பட்ட எண்ணெய்ப் பசை சூட்டில் பல்பின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், கண்ணாடியை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நேராக வைத்தேன். கிளிப் ஒரே அழுத்தில் விழுந்தது. பேட்டரியை இணைத்ததும் விளக்கு எரிந்தது. பேட்டரியைக் கழற்றியதால் காரின் கடிகாரத்தை மட்டும் மீண்டும் திருத்த வேண்டியிருந்தது.