கழகத்துக்குப் பழைய பரல் தேடுகிறீர்களா? மத்தியான வெயிலில் மணந்து பார்த்து எடுங்கள்

எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குப் போன வருடம் 14 பரல், அதாவது பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், தேவைப்பட்டது. மாரியில் மைதானத்தைச் சுற்றி வேம்பும் மருதும் இலுப்பையுமாகக் கன்றுகள் வைத்திருந்தோம். சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியதும் மூலையில் இருக்கிற கிணறு அடியில் சேற்றைக் காட்டிவிட்டது. பிரதேச சபை பவுசரில் (தாங்கி லொறியில்) தண்ணீர் தர ஆயத்தம். ஆனால் வாங்கி வைக்க எங்களிடம் என்ன இருந்தது? இரண்டு வாளியும் ஒரு கிடாரமும். புதுத் தாங்கி வாங்கக் கழகத்தில் காசில்லை. வாங்கினாலும் பூட்டில்லாத மைதானத்தில் அது எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கதை.

பொருளாளர் என்பதால் அலுவல் என் தலையில் விழுந்தது. கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு, வவுனியா என்று ஒரு மாதம் அலைந்து 14 பரலும் சேர்த்தேன். ஒன்பது சும்மா கிடைத்தது, ஐந்து காசுக்கு. அந்த ஐந்தில்தான் பிழை விட்டேன். நீங்கள் விடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. எதற்கு என்று முதலில் பிரியுங்கள்

"பரல் வேணும்" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டு போனால் கிடைப்பதையெல்லாம் ஏற்றிக்கொண்டு வருவீர்கள். மூன்றாகப் பிரியுங்கள்: வாயில் படுகிற தண்ணீருக்கு, கன்றுகளுக்கு, குப்பைக்கு. எங்களுக்கு மூன்று, ஏழு, நான்கு. முதலாவது வகைக்குச் சாப்பாட்டுச் சாமான் வந்த பரல் மட்டும்தான், அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. குப்பைக்கு வெடித்ததும் காணும், அடியில் நாலு ஓட்டை போட்டால் மழைத்தண்ணீரும் நிற்காது. கொண்டுவந்த அன்றே பெயின்ற்றால் பெரிதாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் சுற்றுப்போட்டி அன்றைக்கு யாரோ ஒரு தம்பி குப்பைப் பரலில் சர்பத் கரைப்பான்.

2. பரலைப் பார்க்கப் பழகுங்கள்

நீலப் பரல் இரண்டு விதம். ஒன்று வாய் முழுவதும் திறந்து, மூடியைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு இறுக்குவது. மற்றது மேலே இரண்டு சின்னத் துவாரம் மட்டும் உள்ளது. இரண்டும் 200 முதல் 220 லீற்றர் பிடிக்கும். நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல், பிறகு அசைக்கவே முடியாது. ஆகவே வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு நிரப்புங்கள். (நாங்கள் நிரப்பிவிட்டு நகர்த்தப் போனோம். அதை விடுங்கள்.)

வளையம் இல்லாத திறந்த பரல் என்றால் பாதி விலை பேசுங்கள், வளையம் தனியாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு. துவாரப் பரலில் இரண்டு மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமான பரல்களில் ஒரு துவாரத்தின் புரி நெருக்கமாகவும் மற்றதன் புரி பரும்படியாகவும் இருக்கும். ஒன்றின் மூடி மற்றதுக்கு ஏறாது. இது தெரியாமல் ஒரே மாதிரியான இரண்டு மூடியைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஆள் நான்.

அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது எச்டிபிஈ பிளாஸ்டிக். பெரும்பாலும் எல்லாம் அதுதான். யூஎன் என்று போட்டு 1எச்1 அல்லது 1எச்2 என்று அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். அது பரலின் வகையைச் சொல்கிறது, முதலாவது துவாரப் பரல், இரண்டாவது வாய் திறக்கிறது. சாப்பாட்டுச் சாமான் வந்த பரலிலும் இந்த அச்சு இருக்கும். பயப்பட வேண்டியது ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்த்துத்தான்: சாய்சதுரப் படமும் நாலு இலக்க எண்ணும். 1789 ஐதரோக்குளோரிக் அமிலம், 1830 கந்தக அமிலம், 1824 கோஸ்டிக் சோடாக் கரைசல், 1791 குளோரின் வெளுப்புத் திரவம். லேபிளைக் கிழித்திருந்தாலும் பசை நின்ற இடம் சாய்சதுரமாகத் தெரியும். விரலால் தடவிப் பாருங்கள்.

இன்னொன்று. கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் போட்ட படம் இருந்தால் சாப்பாட்டுத் தரம் என்பார்கள். அது பரல் பிறந்த நேரத்துச் சாதகம். நடுவில் அது என்னென்ன குடித்தது என்று அந்தப் படம் சொல்லாது.

3. எங்கே தேடுவது

சும்மா கிடைக்கிற இடங்களுக்கு முதலில் போங்கள். ஐஸ்கிறீம், இனிப்பு, குளிர்பானம் செய்கிற சின்ன இடங்களில் குளுக்கோஸ் பாகு வந்த பரல் இருக்கும். இதைவிட நல்ல பரல் கிடையாது, சுடுதண்ணீரில் கழுவினால் போய்விடும். கலியாணச் சாப்பாடு செய்து கொடுப்பவர்களிடம் வினாகிரி வந்ததும் ஊறுகாய் வந்ததும் இருக்கும். கட்டட வேலைத் தளங்களில் கொங்கிறீற்றுக்குக் கலக்கிற மருந்து வந்த பரல்களைத் தள்ளிவிட்டால் போதும் என்று நிற்பார்கள், அவை குப்பைக்கு மட்டும். வாகனம் கழுவுகிற சேவிஸ் ஸ்டேசனில் ஷாம்பு வந்த பரல் நுரை அடங்கக் கழுவினால் கன்றுக்கு ஆகும். நுரை அடங்க எங்களுக்கு எட்டுத் தரம் பிடித்தது.

முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடிகளிலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் உப்பு நின்ற பரல் என்றால் வடிவாக அலசாமல் கன்றுக்கு ஊற்றாதீர்கள், கருகிவிடும். தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், இருந்தும் ஒரு பரல் வந்தது. கள்ளு மணம் லேசில் போகாது. அதை மைதானத்தில் வைத்த கிழமை எங்கள் பயிற்சிக்கு வந்தவர்களின் தொகை கூடியது என்று செயலாளர் சத்தியம் செய்கிறார்.

போகக் கூடாத இடம் பூச்சிமருந்துக் கடை. வயல் செய்கிற ஊர்களில் அந்தக் கலன்கள்தான் மலிவாகக் கிடைக்கும், நிறையவும் கிடைக்கும். வேண்டவே வேண்டாம். அந்த மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறி நிற்கிறது.

அரச அலுவலகங்களின் பின்பக்கத்தில் குவிந்து கிடப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்கள் நினைத்தாலும் தூக்கித் தர முடியாது, ஏலத்தில்தான் போகும்.

கடைசியாகத்தான் ஏ9 வீதியோரத்து வியாபாரிகளும் இக்மன் இணையத்தள விளம்பரங்களும். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எண் எழுதவில்லை. என் கணக்கு ஒன்றுதான்: புதுப்பரல் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு நடவுங்கள். பத்து அடி போவதற்குள் கூப்பிடுவார்கள்.

4. கேட்கிற விதம்

கழகத்தின் கடிதத் தலைப்பில், றப்பர் ஸ்டாம்ப் குத்தி, எத்தனை பரல், எதற்கு என்று நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். கடிதம் இருந்தால்தான் முகாமையாளருக்கும் வாசலில் நிற்பவருக்குக் காட்ட ஒரு தாள் இருக்கும். "இருக்கிறதெல்லாம் தாருங்கோ" என்று கேட்காதீர்கள். "இரண்டு போதும் ஐயா" என்று கேட்டால் மூன்று தருவார்கள். சுற்றுப்போட்டிப் பதாகையில் அனுசரணை என்று பெயர் போடுகிறோம் என்பதையும் சொல்லுங்கள், போடுங்கள்.

விலையைக் கேட்க முதல் கேட்க வேண்டியது, "இதுக்குள்ள என்ன வந்தது?" எனக்கும் ஒரு வியாபாரிக்கும் நடந்த பேச்சு இது:

"நல்ல பரல் தம்பி. சாமான் வந்த பரல்."

"என்ன சாமான் அண்ணை?"

"சோப்பு மாதிரி ஒண்டு."

"மாதிரியோ, சோப்போ?"

"நீர் என்ன, குடிக்கப் போறீரே?"

இந்தக் கேள்வி வந்தால் புறப்பட்டுவிடுங்கள். நான் புறப்படவில்லை.

5. வெயில் சோதனை (இதை மட்டும் தாண்டாதீர்கள்)

அந்த ஐந்து பரலையும் நான் வாங்கியது மழை விட்ட ஒரு பின்னேரம். ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தேன், ஒன்றிலும் மணமில்லை. ஏற்றிக்கொண்டு வந்து மூடியோடு மைதானத்தில் அடுக்கினோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மூடியைத் திறந்த எங்கள் கோல்காப்பாளன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணை, முசுறு நசிச்ச மாதிரி மணக்குது." அவன் சொன்னது அப்படியே சரி. முசுறு எறும்பின் கடியில் இருக்கிற பார்மிக் அமிலம்தான் அது. தென்னிலங்கையில் ரப்பர் பாலை உறைய வைக்க இதைத்தான் பாவிக்கிறார்கள். பரலைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் லேபிளின் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "வித்தது வித்ததுதான்" என்றார்.

குளிரில் பிளாஸ்டிக் மணத்தை அடக்கிக்கொண்டு இருக்கும். சூடானால்தான் வெளியே விடும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

பரலுக்குள் ஒரு பேணி தண்ணீர் விடுங்கள். மூடியை இறுக்கி, பக்கமெல்லாம் நனையும்படி ஒரு தரம் உருட்டுங்கள். காலை பதினொரு மணிக்கு வெயிலில் நிமிர்த்தி வைத்து மத்தியானம் ஒரு மணி வரை விடுங்கள். பிறகு முகத்தைத் தூர வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து, வருகிற காற்றைக் கையால் மூக்குப் பக்கம் விசிறிப் பாருங்கள். தலையை உள்ளே விட்டு மணக்கிற வேலை வேண்டாம்.

இனிப்பு, புளிப்பு, ஊறுகாய் மணம் என்றால் எடுங்கள், போய்விடும். சோப்பு மணம் என்றால் கன்றுக்கு எடுங்கள். மண்ணெண்ணெய், பெயின்ற், பூச்சிமருந்து மணம் என்றால் சும்மா தந்தாலும் வேண்டாம். எண்ணெய்ப் பசையானது பிளாஸ்டிக்கின் தடிப்புக்குள் இறங்கிவிடும், எத்தனை தரம் கழுவினாலும் ஒவ்வொரு வெயிலுக்கும் திரும்பி வரும். கண் எரிந்தால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். மணமே இல்லை, என்ன வந்ததென்று விற்றவருக்கும் தெரியாது என்றால் குப்பைக்கு மட்டும். மணமில்லாத நஞ்சும் உண்டு.

வியாபாரி இரண்டு மணித்தியாலம் விட மாட்டார் என்று சொல்வீர்கள். காலை பத்து மணிக்குப் போய் முற்பணம் கொடுத்து, வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். விடாதவரிடம் வாங்காதீர்கள்.

6. ஏற்றி வருவது

வெறும் பரல் எட்டு, பத்துக் கிலோதான், ஆனால் இடம் பிடிக்கும். பட்டா என்கிற சின்ன லொறியைவிட லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டிதான் எனக்குப் பிடிக்கும், மெதுவாக வரும், பரல் பறக்காது. பட்டாவில் வந்தால் ஒரு கயிறு போதாது, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் எங்கள் பரல் ஒன்று தனியாகப் பயணம் போனது. பின்னால் வாகனம் வராதது முறிகண்டிப் பிள்ளையார் புண்ணியம்.

கடிதத்தை இங்கேயும் கையில் வைத்திருங்கள். எட்டு நீலப் பரலோடு ஒரு வாகனம் பின்னேரம் போனால் பொலிஸ் மறிக்கும். கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் அதற்கான கோடாவை ஊற வைப்பதும் இதே பரலில்தான். எங்களை மறித்தவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நல்லகாலம், தவறணைப் பரல் அன்றைக்கு வரவில்லை.

7. கழுவுவது

கடைகளில் விற்கிற நீளப் பிரஷ் காசுக்குக் கேடு. தடியில் கட்டிய பொச்சு (தேங்காய் மட்டை நார்)தான் சரி. துவாரப் பரலுக்குப் பொச்சு போகாது. இரண்டு கை குறுணிக் கல், அரை வாளி தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள் போட்டு மூடி, மைதானத்தின் இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம் வரை உருட்டுங்கள். பதின்மூன்று வயதுப் பெடியளிடம் போட்டி என்று சொன்னால் நீங்கள் தொடவே தேவையில்லை. மணம் மிஞ்சினால் ஒரு கோப்பை அப்பச்சோடாவைக் கரைத்து இரவு முழுக்க ஊற விடுங்கள்.

என்ன வந்தது என்று தெரியாத பரலுக்குள் குளோரின் தூள் போடாதீர்கள். உள்ளே அமிலம் மிஞ்சியிருந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீர் வைத்த பிறகு மூடி அல்லது நுளம்பு வலை கட்டாயம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி குடம்பி கண்டால் வழக்கு வரும். பரிசோதகர் கழகம் என்று பார்க்க மாட்டார். கிழமைக்கு ஒரு தரம் வெறுமையாக்கி உட்பக்கத்தைத் தேய்த்து விடுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மல்லாவியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: திறந்த பரலில் சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழக்கூடும், அதை ஏன் எழுதவில்லை என்று. சரியான கேள்வி. பிள்ளைகள் வருகிற இடமென்றால் துவாரப் பரல் வையுங்கள், அல்லது வளையத்தை இறுக்கியே வையுங்கள்.

இன்னும் மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: துவாரப் பரலின் அடியில் பைப் பூட்டும்போது உள்ளே கை போகவில்லையே, பைப்பைப் பரலோடு பூட்டுகிற கனெக்டரை எப்படி வைப்பது? நானும் அதில் ஒரு பின்னேரம் மினக்கெட்டேன். அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டையால் ஒரு நைலோன் நூலை உள்ளே விட்டு, பரலைச் சரித்து, மேல் துவாரத்தால் கம்பியால் கொளுவி வெளியே எடுங்கள். அரை அங்குலக் கனெக்டருக்கு உள்பக்க வோசரைப் போட்டு, நூலை அதற்குள்ளால் கோர்த்து, நுனியில் ஒரு ஆணியைக் குறுக்காகக் கட்டிவிட்டு, கீழே இருக்கிற நுனியை இழுங்கள். கனெக்டர் நூல் வழியே இறங்கி ஓட்டையில் தலை நீட்டும். ஒருவர் நூலை விடாமல் பிடிக்க, மற்றவர் வெளியே வோசரையும் நட்டையும் போட்டு இறுக்க வேண்டும். நூலை விட்டீர்களோ, கனெக்டர் உள்ளே விழுந்து உருளும். எங்கள் ஏழு பரலில் ஒன்றுக்குள் அது இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.