கருக்குழாய் அடைப்பு: அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன்

கருமுட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும் கருக்குழாயில் அடைப்பு என்று கேட்டதும் குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலூருக்குப் பேருந்து ஏறும் தம்பதியர், முதலில் கணவரின் விந்துப் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும். அதில் பெருங்குறை இருந்தால், குழாயை மட்டும் திறப்பதால் பயன் இராது.

அடைப்பைக் காணச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் நேரத்தில் குழாய் இறுகிக்கொண்டாலும் அடைப்பைப் போலவே தெரியும் என்பதால், ஒரே படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அடைப்பை உறுதிசெய்யும் லேப்ராஸ்கோப்பியில் தொப்புளருகே சிறு துளையிட்டுக் கேமராக் கருவியை நுழைத்து, கருப்பை வாய் வழியே நீலச் சாயம் செலுத்துவார்கள். குழாயின் விரல் போன்ற நுனியில் அந்த நீலம் கசிந்து வந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

நுனி ஒட்டியிருந்தால் பிரித்துவிடலாம். நீர் கோத்து நன்கு வீங்கிய குழாயை மட்டும் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சைக்கு முன் அகற்றிவிடுவதே பெரும்பாலும் நல்லது. அந்த நீர் கருப்பைக்குள் இறங்கிக் கரு பதிவதைக் கெடுக்கும். குழாயை இழப்பது ஒரு பெண்ணுக்கு எளிதன்று, வீட்டார் அவளைக் கடிந்து பேசாதிருக்க வேண்டும். காசநோயால் வந்த அடைப்புக்கு மருந்தே முதல் சிகிச்சை.

குழாயைச் சீரமைத்த பின் மாதவிலக்கு தள்ளிப்போனால், குழாயிலேயே கரு தங்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். கடும் வயிற்றுவலியோ மயக்கமோ வந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.