கடலடியில் மெட்டல் டிடெக்டர்: சட்டத்தில் சிக்கவைக்கும் தவறுகள்

மூழ்கிய கப்பல்களைத் தேடிப் போகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது 'கண்டெடுத்தவருக்கே சொந்தம்' என்ற நம்பிக்கைதான். கப்பல் மூழ்கினாலும் அதன் மீதான உரிமை மூழ்குவதில்லை. சரக்கின் சொந்தக்காரர், காப்பீட்டுப் பணம் கொடுத்த நிறுவனம், கப்பல் பதிவாகி எந்தக் கொடியுடன் ஓடியதோ அந்த நாடு என யாராவது ஒருவர் நெடுங்காலம் கழித்தும் வந்து கேட்கலாம். மீட்டவருக்கு வெகுமதி கிடைக்கக்கூடும். அதுவும் எப்போதும் கிடைப்பதில்லை.

ஒடிஸி மரைன் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 2007இல் அது அட்லாண்டிக் கடலடியிலிருந்து ஏறத்தாழ 6 லட்சம் நாணயங்களை, சுமார் 17 டன் எடையில், அள்ளிக்கொண்டு போனது. அவை 1804இல் மூழ்கிய தன் கடற்படைக் கப்பலான மெர்செதெஸில் இருந்தவை என்று ஸ்பெயின் அமெரிக்க நீதிமன்றத்திலேயே வழக்காடி வென்றது. 2012இல் அத்தனையும் விமானத்தில் ஸ்பெயினுக்குத் திரும்பின. போர்க்கப்பலைப் பொறுத்தவரை இதுதான் நிலை: அந்த நாடே கைவிட்டதாக அறிவிக்காதவரை அது அந்த நாட்டுடையது. அதில் இறந்த மாலுமிகளின் கல்லறையாகவும் அது இருக்கலாம். ஆசைக்காக அதைக் கிளறக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கடற்கரையில் கிடைத்த அனுமதி தண்ணீருக்குள்ளும் செல்லும் என்று நினைப்பது அடுத்த தவறு. மணற்பரப்பு ஒரு நிர்வாகத்தின் கீழும், கடலடி இன்னொன்றின் கீழும் இருக்கலாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பயன்படுத்தும் நிலையில் டிடெக்டரை வைத்திருப்பதே குற்றம். அங்கே மாநில நீர்ப்பரப்பின் அடியில் புதைந்து கிடக்கும் கைவிடப்பட்ட கப்பல்கள், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தந்த மாநிலத்துக்குச் சேரும்.

சின்னப் பொருள்தானே என்று சொல்லாமல் விடுவதும் ஆபத்து. பிரிட்டனில் கப்பல் சிதைவிலிருந்து எதை எடுத்தாலும் 28 நாட்களுக்குள் அதற்கான அரசு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. மீட்பு வெகுமதி கேட்கும் உரிமையும் போய்விடும். பொருளின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு கொடுக்கவும் நேரிடும்.

யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை 100 ஆண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் கிடக்கும் மரபுச் சின்னங்களை வணிகத்துக்காக எடுப்பதை ஏற்பதில்லை. முதலில் இருந்த இடத்திலேயே விட்டுக் காக்கச் சொல்கிறது. 'என் நாடு கையெழுத்திடவில்லை' என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. பொருளை இறக்கும் துறைமுகம் உறுப்பு நாட்டுடையதாக இருந்தால் அங்கே பறிமுதலாகலாம்.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. நெடுங்காலம் கடலில் கிடந்த இரும்புப் பீரங்கிக்குள் உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்து உலரவிட்டால் விரிசல் விட்டுச் செதில் செதிலாக உதிரும். அதைக் காப்பாற்ற ஆய்வகத்தில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் வேலை பிடிக்கும். தோண்டிய குழியோ, எந்தப் பொருள் எதன் அருகே கிடந்தது என்ற தடயத்தை அழித்துவிடும். அது திரும்ப வராது.

டிடெக்டர் ஒலித்தால் தோண்டாதீர்கள். படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ கடல்சார் அதிகாரிகளுக்கோ தெரிவியுங்கள். எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வருவதற்குக்கூட அந்த இடத்தில் அனுமதி தேவையா என்று இறங்கும் முன்பே விசாரியுங்கள். பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கப்பல் சிதைவுகளில் உரிமம் இல்லாமல் முக்குளிப்பதே குற்றம்.