சிவப்புக் கோடுகளை நம்பிப் புரூஃப் பார்ப்பவர்களுக்கு

போன மாதம் எங்கள் பதிப்பகத்தில் புரூஃப் பார்க்க இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இருவருக்கும் நல்ல தமிழறிவு. வேர்டில் கோப்பைத் திறந்தால் பக்கமெல்லாம் பிழைதிருத்தி போட்ட சிவப்புக் கோடு. ஒவ்வொரு சொல்லாக வலது சொடுக்கி, ‘ஆட் டு டிக்‌ஷனரி’ என்று அழுத்திக்கொண்டே போனார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த அதே காரியம். லகர ளகரக் குழப்பத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு அகராதியில் சேர்ப்பது

சரியான சொல்லுக்கும் ஏன் கோடு விழுகிறது? தமிழில் துணைவினை, விகுதி, வேற்றுமை உருபு, இடைச்சொல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்பது ஒரே சொல். வேர்டைப் போன்ற லிப்ரே ஆபிஸில் இருக்கும் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி, ஹங்கேரிய மொழிக்காக உருவானது. அதுவும் ஒட்டு மொழிதான். ஆனால் சொற்பட்டியலையும் அதற்கு எழுதிக் கொடுத்த ஒட்டு விதிகளையும் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது. பட்டியலில் இல்லாத அடுக்கு வந்தால் கோடு போட்டுவிடும்.

பத்துப் பக்கம் இப்படிப் போனால் யாருக்கும் அலுத்துவிடும். எனக்கும் அலுத்தது. சரியான சொற்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போன வேகத்தில் ‘முயற்ச்சி’யையும் சேர்த்துவிட்டேன். வேர்டில் இந்தச் சொற்கள் உங்கள் கணினியிலுள்ள தனி அகராதியில் போய் உட்காரும். திறந்திருக்கும் கோப்போடு அது முடிவதில்லை. அடுத்து வரும் எல்லாக் கோப்புக்கும் அதுதான் சட்டம்.

இன்னொரு வினையும் நடந்தது. நான் சேர்த்தது ‘முயற்ச்சி’ மட்டும். ‘முயற்ச்சியால்’, ‘முயற்ச்சிகள்’ வந்தபோதெல்லாம் கோடு விழுந்தது, திருத்தினேன். தனியாக நின்ற ‘முயற்ச்சி’ மட்டும் தப்பித்துக்கொண்டே இருந்தது. ஒரு பள்ளி ஆண்டு மலரில் கட்டுரைத் தலைப்பாகவே அது அச்சேறியது. அதே பக்கத்தில், நான்கு வரி கீழே ‘முயற்சியால்’ என்று சரியாக இருந்தது. மலர்க்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அந்தத் தலைப்பில் விரலை வைத்து, “தம்பி, இந்த ச் எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினாறு பக்க ஃபாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை) முழுக்க மறுபடி அச்சடித்தோம். காகிதச் செலவு எங்கள் தலையில். இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

ற், ட் இரண்டுக்கும் பின்னால் புள்ளி வைத்த இன்னொரு மெய் வராது: முயற்சி, பயிற்சி, காட்சி, கட்சி. ய், ர், ழ் பின்னால் வரும்: காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. வளர்ச்சியை எழுதிப் பழகிய கை முயற்சிக்கும் ஒரு ச் போட்டுவிடுகிறது.

சந்தேகமாக இருந்தால் ‘இக்னோர்’ கொடுங்கள், அகராதியில் சேர்க்காதீர்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர் போன்றவற்றை மட்டும், எழுத்தெழுத்தாகப் படித்த பிறகு சேர்க்கலாம். ஏற்கெனவே சேர்த்தவற்றைப் பார்க்க: ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், கஸ்டம் டிக்‌ஷனரீஸ், எடிட் வேர்ட் லிஸ்ட். புதியவர்கள் இருவரையும் உட்காரவைத்து அந்தப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். ஒருவர் பட்டியலில் ‘பயிற்ச்சி’ இருந்தது.

கோடு இல்லையென்றால் பிழை இல்லை என்று நினைப்பது

‘ஒவ்வொரு மாணவர்களும் குளத்தின் கறையில் நின்றான்.’ இதில் மூன்று பிழை; ‘ஒவ்வொரு மாணவரும் குளத்தின் கரையில் நின்றார்’ என்று இருக்க வேண்டும். ஒரு கோடும் விழாது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் பார்த்தால் சரியான சொல்தானே! பிழைதிருத்தி சொல்லைத்தான் பார்க்கிறது. எழுவாயும் பயனிலையும் பொருந்துகிறதா என்று வாக்கியத்தைப் படித்துப் பார்க்க வேண்டியது நாம்தான். அதற்கு வாய்விட்டுப் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சந்தியை மென்பொருள் கையில் விடுவது

‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான். இரண்டும் சரி. எழுதியவர் எதை நினைத்தார் என்று தெரியாமல் ஒற்றுப் போட முடியாது. நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய ‘நாவி’ போன்ற சந்தித் திருத்திகளை நானும் பயன்படுத்துகிறேன், நல்ல உதவி. ஆனால் காட்டியதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒற்று மிகாத வினைத்தொகையிலும் உம்மைத்தொகையிலும் கவனிக்காமல் ஒற்று நுழைந்துவிடலாம்.

மொழியைக் குறிக்காமல் விடுவது

வேர்டு திரையின் அடிப்பட்டையில் மொழி ‘தமிழ்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோடு விழுந்தும் தாண்டிப் போவது

‘கௌரவம்’ கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கோடு மட்டும் போகாது. அப்புறம் நாமே மென்பொருளைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். இங்கே மென்பொருள் சொல்வதுதான் சரி. ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘கெ’யும் ‘ள’வும் அடித்திருப்பார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. மின்னூலில் யாராவது அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ‘ள’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பின்னழியுங்கள். ‘கெ’ தனியாக நின்றால் சந்தேகமே வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.