கைலி, வேட்டி, கில்ட்: உடுத்துவோரும் பார்ப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், சென்ற ஆண்டு ஓர் உறவினர் திருமணத்துக்காக ஊருக்கு வந்திருந்தபோது, மாலை வரவேற்புக்குத் தன் கில்ட்டை (அந்நாட்டு ஆண்கள் இடுப்பில் உடுத்தும், கொசுவம் வைத்த கம்பளி உடை) உடுத்திக்கொண்டு இராமநாதபுரத்தில் உள்ள மண்டபத்துக்கு வந்தான். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலியுடன், "என்ன மாப்ளே, பாவாடை கட்டிக்கிட்டு வந்திருக்கீக?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வேட்டியிலும் மீதிப் பேரில் சிலர் கைலியிலும் இருந்தார்கள் என்பதை அவர்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக உச்சிப்புளிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நான் இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால், இதைப் பற்றியும் இதனோடு சேர்ந்து வரும் பிற தவறுகளைப் பற்றியும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

இரண்டு கால்களுக்கும் தனித்தனிக் குழாய் இல்லாத உடையெல்லாம் பெண்களுக்கு உரியது என்று நினைப்பதுதான் முதல் தவறு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையில் வாழும் ஆண்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அப்படிப்பட்ட உடையில்தான். பர்மாவில் ஆண்கள் லோஞ்சி கட்டுகிறார்கள். பிஜித் தீவில் சுலு என்னும் உடை காவலர் சீருடையிலேயே இடம்பெற்றிருக்கிறது. பூட்டானில் ஆண்கள் முழங்கால் வரை வரும் கோ என்னும் அங்கியை அலுவலகத்துக்கு அணிகிறார்கள். மலாய்க்காரர்கள் தாங்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'கைன் பெலிக்காட்' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடு. சோழமண்டலக் கரையிலிருந்து துணி கப்பலேறிப் போய் அங்கே ஆண்களின் உடையாக நிலைபெற்ற கதையை அந்த ஒரு பெயரே சொல்லிவிடுகிறது. கடல் கடந்து வணிகம் செய்த கீழக்கரைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்புறமாகவும் ஒரு தவறு உண்டு. கில்ட் ஆதிகாலம் தொட்டு இதே வடிவில் இருந்து வருவது என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் உடுத்தியது, உடம்பு முழுவதையும் சுற்றித் தோளில் போட்டு இடுப்பில் வாரால் இறுக்கிய பெரிய கம்பளித் துணி. அதன் கீழ்ப்பாதி மட்டும் தனி உடையானது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். உடைகள் மாறிக்கொண்டே வந்தவை என்று அறிந்தவருக்கு, இன்று ஓர் இளைஞர் தைத்த பாவாடை ஒன்றை உடுத்திக் கடைத்தெருவுக்கு வருவது உலகம் தலைகீழாவதாகத் தோன்றாது.

உடையின் நீளமும் அகலமும் அற்பமான விஷயங்கள், அவற்றைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று கருதுவது அடுத்த தவறு. இதை நான் மிகவும் பெரிய தவறாக நினைக்கிறேன். 1745இல் ஸ்காட்லாந்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷ் அரசு, 1746இல் மலைநாட்டு உடையைத் தடைசெய்து ஒரு சட்டம் இயற்றியது. முதல் முறை பிடிபட்டவருக்கு ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை பிடிபட்டால் ஏழாண்டு நாடு கடத்தல். 1782இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இது எங்கோ நடந்தது என்று விட்டுவிட முடியாது. 1930 டிசம்பரில் நம் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள் என்பதை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆடவர் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது என்பது அந்தத் தடைகளில் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டுவது ஒரு காலத்தில் இந்த மண்ணில் உயிரைப் பணயம் வைத்துப் பெற வேண்டிய உரிமையாக இருந்தது. எனவே, பெரியவரைக் கண்டதும் மடித்துக் கட்டியதை இறக்கிவிடும் நம் பழக்கத்தை விரும்பியவர் அன்பின் பேரில் செய்யட்டும். இன்னொருவர் இறக்கவில்லை என்பதற்காக அவரை முறைப்பதும் அதட்டுவதும் கூடாது. அந்த அதட்டலுக்கு இங்கே ஒரு கொடிய வரலாறு உண்டு.

இனி உடுத்துவோர் செய்யும் தவறுகளுக்கு வருகிறேன். கடையில் நான் காணும் பெரும்பாலான தொல்லைகள் அளவில்தான் தொடங்குகின்றன. நாலு முழ வேட்டி ஒற்றைச் சுற்றுக்குத்தான் போதும். உடல் பருத்தவர்கள் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முன்புறம் விலகும். அவர்களுக்கு எட்டு முழமே ஏற்றது. கைலி வாங்கும்போது விலையையும் கட்டத்தையும் பார்ப்பவர்கள், தங்கள் உயரத்துக்கு அகலம் போதுமா என்று பார்ப்பதில்லை; இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்குமான அளவோடு, சுருட்டிச் செருகுவதற்கு நான்கு விரற்கடை கூடுதலாக இருக்க வேண்டும். வாங்கிய கைலியை மூட்டாமலே உடுத்துவது இன்னொரு தவறு. மூட்டிய இடம் பின்புறம் வரும்படி உடுத்தினால் நடக்கும்போது தடுக்காது. ஒட்டும் பட்டை வைத்த வேட்டிகள் இப்போது நிறைய விற்பனையாகின்றன. அவை நல்லவைதாம், ஆனால் கடற்கரை மணலும் நூல் பிசிறும் அந்தப் பட்டையின் கொக்கிகளில் அடைத்துக்கொண்டால் பிடிப்பு விட்டுப்போகும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறையாவது பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. இன்று அந்தக் கனம் கைப்பேசி. செருகலில் கைப்பேசியை வைத்தால் அதன் எடை முடிச்சை மெல்ல மெல்ல இழுத்து அவிழ்த்துவிடும். நம் கரையில் முதியவர்கள் பை வைத்த அகலமான பெல்ட்டைக் கைலிக்கு மேல் கட்டுவது இதற்காகத்தான்.

கில்ட் உடுத்துவோர் செய்யும் தவறு வேறு வகை. என் மருமகனே முதலில் அதை ஜீன்ஸ் போல இடுப்பெலும்பில் தொங்கவிட்டுத்தான் உடுத்தினானாம். கில்ட் தொப்புளை ஒட்டி உயரத்தில் நிற்க வேண்டும். அதன் கீழ் ஓரம் முழங்கால் சில்லின் நடுவிலோ சற்று மேலோ முடிய வேண்டும். கொசுவம் முழுவதும் பின்புறம் வரும், தட்டையான பகுதி முன்புறம் வரும். ஆண்களின் கில்ட்டில் மேல்மடிப்பு வலப்பக்கம் முடியும். அதில் குத்தும் ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு மடிப்புகளையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும். முழு அளவு கில்ட்டுக்குச் சுமார் எட்டு கஜம் கம்பளித் துணி வேண்டும். நம் கணக்கில் அது பதினாறு முழம், அதாவது எட்டு முழ வேட்டியைப் போல இரண்டு மடங்கு. சித்திரை, வைகாசி வெயிலில் அதை உடுத்தி மண்டபத்தில் நான்கு மணி நேரம் நிற்பது உடம்புக்குக் கேடு. நம் ஊருக்குப் பருத்தியிலோ மெல்லிய கலப்புத் துணியிலோ தைத்த, கொசுவம் குறைந்த கில்ட்டே பொருந்தும். பந்தியில் தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது கைலியின் துணி கால்களுக்கு நடுவில் இறங்கி மறைத்துவிடும். கில்ட்டில் அந்தத் தளர்வு இல்லை. மேசைப் பந்தியில் அமர்வதோ, உள்ளே அரைக்கால்சட்டை அணிவதோ நல்லது.

உள்ளாடையைப் பற்றித் தயங்காமல் பேசுவதே முறை. கில்ட்டுக்கு உள்ளே எதுவும் அணியக் கூடாது என்று ஒரு பேச்சு உலகமெங்கும் உலவுகிறது. அதை நம்பி நம் கரையில் யாரும் நடந்துகொள்ள வேண்டாம். கைலிக்குள் பட்டாபட்டி அணிந்த நம் முன்னோர் காற்றை அறிந்தவர்கள். 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. இரண்டு பக்கமும் கடல். அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்க இறங்கும் வெளியூர் ஆண்கள் வேட்டியோடு படும் பாட்டைப் பல முறை பார்த்திருக்கிறேன். மேற்கிலிருந்து பலமாக அடிக்கும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒற்றைச் சுற்று வேட்டியோ அகலமான பாவாடையோ உடுத்திப் பாலத்தில் நடப்பது சரியல்ல.

விபத்துக்கு இட்டுச்செல்லும் தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டியில் ஒரு பக்கமாகத் தொங்கும் வேட்டித் தலைப்பு சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்கும். பின்னால் அமர்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். வண்டி ஏறுமுன் மடித்துக் கட்டி, தலைப்பைத் தொடைக்கு அடியில் அடக்கிக்கொள்ள வேண்டும். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் ஓடும்போது கைலியோடு அதன் அருகில் நிற்பது அதைவிடக் கொடியது. சுழலும் தண்டு ஒரு நூலைப் பிடித்தால் துணியோடு ஆளையும் இழுத்துவிடும். கரையில் கைலி, படகில் அரைக்கால்சட்டை என்று பிரித்துக்கொள்பவர்களைப் பார்த்து இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஈரமான துணியோடு நாள் முழுக்க இருப்பது படர்தாமரைக்கு வழி. கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் குளித்து உலர்ந்த துணிக்கு மாறுவது மருந்தைவிட மேல்.

இடம் அறியாமல் உடுத்துவதால் வரும் சங்கடங்களும் உண்டு. இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவோர் வெள்ளை நாலு முழத்தை ஒற்றையாகக் கட்டி வந்தால், முதல் வாளித் தண்ணீரிலேயே துணி உடம்போடு ஒட்டி உள்ளே தெரியும். அடர்ந்த நிறத் துணியில் நீராடி, ஈரத்தை மாற்றிய பிறகே சன்னதிக்குச் செல்ல வேண்டும். கைலி கட்டி வர வேண்டாம் என்று பல கோயில்களில் பலகை வைத்திருப்பதால், மாற்றுத் துணியாகக் கைலியை எடுத்துப் போவதும் பயன்படாது. பள்ளிவாசலில் தொழும் ஆணுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைந்திருக்க வேண்டும். குனியும்போதும், நெற்றி தரையில் பட வணங்கும் சஜ்தாவின்போதும் அது விலகாதபடி மடிப்பை இறக்கி, கரண்டைக்கு, அதாவது கணுக்காலுக்கு, மேல் நிற்குமாறு உடுத்துவதே அங்கே வழக்கம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. வேட்டி உடுத்தி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு மனமகிழ் மன்றம் (கிளப்) உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிய பிறகு, 2014இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ அணிந்தவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. 2019இல் அரசு ஊழியருக்கான உடை ஆணையிலும் ஆண்களுக்கு வேட்டி இடம்பெற்றது. இவற்றைக் காட்டிக் கில்ட்டுக்கும் தைத்த பாவாடைக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று வாதாடச் செல்வது ஏமாற்றத்தில் முடியும். அவற்றைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. ஆனால் 2014 ஏப்ரலில் திருநங்கையர், திருநம்பியர் உரிமை பற்றிய தீர்ப்பில், ஒருவர் தம் பாலின உணர்வை உடையால் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பார்ப்போருக்குச் சொல்ல வேண்டியது இதிலிருந்தே வருகிறது. பாவாடை உடுத்திய ஆணை இழிவுபடுத்தத் திருநங்கையரைக் குறிக்கும் சொல்லை எடுத்து எறிபவர், ஒரே சொல்லால் இருவரைக் காயப்படுத்துகிறார். ஒருவரின் உடையைக் கொண்டு அவருடைய பாலினத்தையோ விருப்பத்தையோ முடிவுகட்டுவதும், அனுமதி கேட்காமல் கைப்பேசியில் படம் பிடிப்பதும், உள்ளே என்ன அணிந்திருக்கிறாய் என்று கேட்பதும் நம் வீட்டுப் பெண்களிடம் யாரும் செய்தால் நாம் பொறுக்காத செயல்கள். விளையாட்டுக்காக மற்றவரின் கைலி முடிச்சை இழுக்கும் பழக்கம் நம் ஊர்ப் பையன்களிடம் இருக்கிறது. அதையும் பெரியவர்கள் கண்டிக்க வேண்டும்.

அன்று மண்டபத்தில் என் மருமகன் கோபப்படவில்லை. அந்தப் பெரியவரை அமரச் செய்து, கில்ட்டின் கொசுவத்தை அவர் கையில் பிடித்துப் பார்க்கக் கொடுத்தான். அவர் கம்பளியைத் தடவிப் பார்த்து, எத்தனை முழம் என்று கேட்டார். பதினாறு முழம் என்று நான் சொன்னதும், "இம்புட்டுத் துணியையும் ஒத்த ஆளா கட்டுறது?" என்று வியந்தார். மறுநாள் அக்காள் அந்தக் கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவி, கலையாதபடி ஓரத்தில் நீளமான ஓட்டுத் தையல் போட்டு, பூச்சி அண்டாமல் இருக்க வேப்பிலைச் சருகை ஒரு துணியில் முடிந்து உள்ளே வைத்துப் பெட்டியில் அடுக்கினாள். உப்புக்காற்றில் ஈரம் உறிஞ்சிய கம்பளியை அப்படியே பெட்டியில் வைத்தால் வாடை அடிக்கும் என்பதால், அதற்கு முன் ஒரு பகல் முழுவதும் நிழலில் தொங்கவிட்டிருந்தாள்.