குமுளி மலை இறங்கியும் உடையாத தேன் பாட்டில் பெட்டி

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள்தான் தேன் பாட்டில் அனுப்பும் அட்டைப்பெட்டி செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தன. முதல் லோடில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி, கம்பத்தில் பிரித்தபோது பெட்டியெல்லாம் தேன். எறும்புக்குக் கொண்டாட்டம்.

முதலில் பாட்டிலை அளங்க. என்னுடையது 70 மி.மீ. விட்டம், அறைக்கு 73 வைப்பேன். 12 பாட்டிலுக்கு 4×3 அறை. தடுப்பு 3 மி.மீ. மூணு ப்ளை, அதாவது மூணு தாள் அடுக்கு, அட்டை. ஆக உள்நீளம் 301, உள்அகலம் 225. வெளி அளவைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் பாட்டில் நுழையாது, பட்டிருக்கேன்.

தடுப்புக்கு நீளத்துண்டு 2, குறுக்குத்துண்டு 3. நீளத்துண்டில் 3 வெட்டு, குறுக்கில் 2. ஒவ்வொன்றும் பாதி உயரம் வரை, அட்டைத் தடிமன் அகலத்தில். ஒன்று மேலிருந்து, மற்றது கீழிருந்து கோத்தால் பசையே வேண்டாம். தடுப்பின் உயரம் பெட்டியின் உள்உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். குட்டையாக வெட்டி அட்டையை மிச்சம் பிடித்தால் மேல்பாரம் மூடியில் இறங்கும்.

அட்டைக்குள்ளே அலை மாதிரி மடிந்திருக்கும் தாளின் நெளி செங்குத்தாக நிற்கணும், தடுப்பிலும்தான். படுக்கவைத்தால் அப்பளம் மாதிரி நசுங்கும்.

வெளிப்பெட்டி ஐந்து ப்ளை. அடுக்கும்போது மூலைக்கு மேல் மூலை வரணும், ஏனென்றால் பாரத்தைப் பெரும்பாலும் மூலைகளே தாங்குகின்றன. செங்கல் மாதிரி மாற்றி அடுக்காதீங்க.

ஜூன் பிறந்தால் இங்கே ஓயாத மழை. ஈரம் குடித்த அட்டைக்குப் பலம் பாதிகூட மிஞ்சாது என்று நினைத்தே நான் தரையில் வைக்காமல் பலகை போட்டு அடுக்குகிறேன்.